கையெழுத்திட மறுக்கும் உரிமை



நாத்திகர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் பெரியார் ஈ.வெ.ரா.வைத் தேர்ந்துகொண்டேன். அவருடைய வரலாறு உங்களில் பலருக்கு மனப்பாடம். 1879 செப்டம்பர் 17-இல் ஈரோட்டில் பிறந்தார். 1973 டிசம்பர் 24-இல் வேலூரில் மறைந்தார். அந்த 94 ஆண்டுகளையும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிட முடியாது. ஆகவே ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். கடவுளை நம்பாத ஒருவர் இந்த நாட்டில் முழுக் குடிமகனாக வாழ என்னென்ன தடைகள் இருந்தன? அவற்றில் எவற்றைப் பெரியாரும் அவர் வழி வந்தவர்களும் அகற்றினார்கள்? எவை இன்னும் நிற்கின்றன?

கூரத்தாழ்வான் பிறந்த கூரத்தில் போய் நாத்திகம் பேசுவதா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. கூரத்தைவிடப் பொருத்தமான ஊர் இதற்குக் கிடையாது என்பது என் எண்ணம். பல்லவன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, இங்கே எழுப்பிய சிவன் கோயிலுக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்குப் பங்கு ஒதுக்கியதையும் சொல்கிறது. அதே ஊரில்தான் வைணவத்தின் தலையாய ஆசாரியர்களில் ஒருவரான கூரத்தாழ்வான் பிறந்தார். குருபரம்பரை நூல்கள் சொல்லும் செய்தியை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இராமானுசரைத் தேடிச் சோழனின் ஆட்கள் திருவரங்கம் வந்தபோது, அவருடைய காவியைத் தாம் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போனார் ஆழ்வான். முதியவரான பெரிய நம்பியும் உடன் போனார். சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்ற வாசகத்தின் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். ஆழ்வான் மறுத்தார், கண்களை இழந்தார்.

அந்தச் சோழன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அது இருக்கட்டும். அரசன் ஆழ்வானிடம் கேட்டது வரியல்ல, படைக்கு ஆளும் அல்ல. இதை நம்புகிறேன் என்று எழுதித் தா என்று கேட்டான். ஆழ்வான் பரம பக்தர். பெரியாரோ அந்த வாசகத்தையும் மறுப்பார், ஆழ்வானின் வாசகத்தையும் மறுப்பார். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இருபுறத்து அன்பர்களும் வருந்தக்கூடும். ஆனாலும் ஒருவர் மனத்துக்குள் அரசு கைவிட்டுத் துழாவக் கூடாது என்ற இடத்தில் இருவருமே நிற்கிறார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது கூறு மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்பாக மனச்சான்றின் சுதந்திரத்தை வைக்கிறது. அந்தச் சுதந்திரம் பக்தருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு நாத்திகருக்கும் உண்டு. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் அதற்கான சான்றுகள்.

பெரியாரின் பொதுவாழ்வு திரும்பிய இடம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை, தமிழ்த் தென்றல் திரு.வி.க. சட்டமன்றங்களிலும் அரசுப் பதவிகளிலும் பார்ப்பனரல்லாதாருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடம் வேண்டும் என்ற வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைப் பெரியார் அதற்கு முன்பே மாநாட்டுக்கு மாநாடு கொண்டுபோயிருந்தார். ஒவ்வொரு முறையும் ஏதோவொரு காரணம் காட்டித் தள்ளினார்கள். காஞ்சியிலும் தீர்மானத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. பெரியார் எழுந்து வெளியேறினார். அந்த ஆண்டு மே மாதம்தான் 'குடி அரசு' இதழைத் தொடங்கியிருந்தார். காங்கிரசுக்காகத் தம் தோப்பில் இருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தவர், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர், வைக்கத்தில் இருமுறை சிறை சென்றவர், அந்தக் கட்சியை விட்டு வெளியே வந்தது காஞ்சிபுரத்தில்.

நாத்திகத்தைப் பற்றிப் பேச வந்து வகுப்புரிமையில் ஏன் நிற்கிறேன் என்று கேட்பீர்கள். பெரியாரின் நாத்திகம் புத்தகம் படித்து வந்ததன்று. அவர் கண்ட அநீதிகளிலிருந்து வந்தது. வைக்கத்தில் ஈழவரும் புலையரும் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கக் கூடாது என்றார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த தம் தங்கை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தபோது சொந்த உறவினரே எதிர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அநீதிக்குக் காவலாகச் சாத்திரத்தைக் காட்டினார்கள், சாத்திரத்துக்குக் காவலாகக் கடவுளைக் காட்டினார்கள். அந்தக் கடைசிக் காவலையும் கேள்விக்கு உட்படுத்தினார் அவர். ஐரோப்பிய நாத்திகர்களில் பலருக்கு முதல் வினா, உலகைப் படைத்தவர் உண்டா என்பது. பெரியாருக்கு முதல் வினா, என் தங்கை மகள் ஏன் வெள்ளைச் சேலை உடுத்த வேண்டும் என்பது. அவருடைய நாத்திகம் நூலகத்தில் தங்காமல் கல்யாணப் பந்தலுக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

கல்யாணப் பந்தல் என்றேன். நாத்திகரின் உரிமை முதலில் மோதி நின்றதும் அங்கேதான். சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு அதைக் குறிக்கிறது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரம் இல்லை. மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் தமிழ்நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இப்படி நடந்தன. இராகு காலம் பார்த்தே வைத்தவர்கள் உண்டு. கணவனை இழந்த பெண்கள் மணந்துகொண்டார்கள். சாதி கடந்து மணந்துகொண்டார்கள். பந்தலில் இரண்டு மணி நேரம் பெண்ணுரிமை பற்றிச் சொற்பொழிவு நடக்கும், சாப்பாடு தாமதமாகும். ஆனாலும் ஊரே உட்கார்ந்து கேட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடியது. கூரம் அன்று அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, மணமுறிவு உரிமை, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுதல் ஆகியவற்றை அந்த மாநாடு தீர்மானமாக நிறைவேற்றியது. பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டு முன்னே நடந்தவர்கள் அவர்கள்.

ஆனால் நீதிமன்றம் இந்தத் திருமணங்களை ஏற்கவில்லை. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பிற்பாடு சொத்து வழக்கொன்றில் சிக்கியது. மதச் சடங்கு நடக்கவில்லை, ஆகவே இந்துச் சட்டப்படி அது திருமணமே ஆகாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு தீர்ப்பின் சுமை எத்தனை குடும்பங்கள்மேல் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊரறிய மாலை மாற்றி, இருபது ஆண்டு சேர்ந்து உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு பெண், சட்டத்தின் முன் மனைவி அல்ல. அவள் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் அல்ல. நிலத்தில் பங்கு கேட்டால் பங்காளிகள் தீர்ப்பைக் காட்டுவார்கள். அவள் செய்த குற்றம், தான் நம்பாத ஒன்றை நம்புவதுபோல் அக்கினியை வலம்வர மறுத்தது.

வேறு வழியே இல்லையா என்றால், பதிவுத் திருமணம் இருந்தது. 1872-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் தொடக்க வடிவம், நான் கிறித்தவன் அல்லேன், யூதன் அல்லேன், இந்து அல்லேன், முசுலிம் அல்லேன், பார்சி அல்லேன், பௌத்தன் அல்லேன், சீக்கியன் அல்லேன், சமணன் அல்லேன் என்று மணமக்கள் எழுதித் தரவேண்டும் என்றது. சடங்குத் திருமணம் என்றால் நம்புகிறேன் என்று நடிக்க வேண்டும். பதிவுத் திருமணம் என்றால் எதையும் சேர்ந்தவன் அல்லேன் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டு பக்கமும் அரசு கையெழுத்துக் கேட்டது. 1954-இல் வந்த புதிய சட்டம் அந்தப் பட்டியலைக் கைவிட்டது.

பெரியார் தாமே 1949 ஜூலை 9-இல் மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வயது வேறுபாடு பெரும் கண்டனத்துக்கு உள்ளானது, அவருடைய திராவிடர் கழகம் பிளந்தது, அண்ணா வெளியேறி அந்த ஆண்டு செப்டம்பர் 17-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அந்த மணத்தில் நான் அண்ணாவின் வருத்தத்தோடு உடன்படுபவன். இளம்பெண்ணை முதியவருக்குக் கட்டிவைப்பதைக் கண்டித்த ஓர் இயக்கத்தின் தலைவர் அதைச் செய்திருக்க வேண்டாம். ஆயினும் மணியம்மையார் தம் கடைசி நாள் வரை அந்த இயக்கத்தைத் தாங்கியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படிப் பிரிந்துபோன காஞ்சிபுரத்துக்காரர்தான் பெரியாரின் திருமண முறைக்குச் சட்டத்தின் பாதுகாப்பைக் கொடுத்தார் என்பது நம் மாவட்டத்தின் பெருமை. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1967 மார்ச்சில் முதலமைச்சரானார். அந்த ஆண்டிலேயே இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். இந்தச் சட்டத்தின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது. இதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது சொன்னது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் சட்டத்தின் கண்ணில் மனைவியாக இல்லாத பெண்கள் ஒரே நாளில் மனைவியானார்கள். அவர்களுள் எத்தனை பேர் அந்த நாளைக் காண உயிரோடு இருந்தார்களோ!

அண்ணா தம்மை நாத்திகர் என்று அறிவித்துக்கொண்டவர் அல்லர்; ஒன்றே குலம், ஒருவனே தேவன் என்றவர். ஆனாலும் நாத்திகரின் உரிமையை அரசிதழில் ஏற்றியவர் அவர். உரிமையைக் காப்பதற்கு அந்தக் கொள்கையை நாமும் ஏற்றிருக்க வேண்டும் என்பதில்லை என்று காட்ட இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். இன்னொரு சான்றும் உண்டு. ஆந்திரத்து நாத்திகர் கோரா தம் மகளுக்கும் ஒரு தலித் இளைஞருக்கும் திருமணம் செய்ய முன்வந்தபோது, சேவாகிராமத்தில் தாமே நடத்திவைப்பதாகச் சொன்னவர் காந்தியடிகள். கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரால் உறுதிமொழி எடுக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் கொல்லப்பட்டார்; 1948 மார்ச்சில் அந்தத் திருமணம் சேவாகிராமத்திலேயே நடந்தது. கோரா, நாத்திகத்துக்காகக் கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்தவர். இராம நாமத்தை உச்சரித்தபடி வாழ்ந்த ஒருவர் அவரைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்து மாதக்கணக்கில் உரையாடினார்.

7-அ பிரிவின் கதை அண்ணாவோடு முடியவில்லை. வழக்கறிஞர்கள் தம் அறையில் வைத்து நடத்தும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக அறிவித்தால்தான் திருமணம் என்பது, பெற்றோருக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் இணையரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். சாதி ஆணவத்துக்குப் பிள்ளைகளைப் பலிகொடுக்கும் மாநிலத்தில் இது பெரிய பாதுகாப்பு.

அடுத்தது உறுதிமொழி. இங்கே இங்கிலாந்தின் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1880-இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள் பெயரால் பிரமாணம் எடுப்பதற்குப் பதிலாக உறுதி கூறுகிறேன் என்றார். அவையில் இடமில்லை என்றார்கள். நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டிலேயே ஓரிரவு அடைத்தும் வைத்தார்கள். இடம் காலி என்று அறிவிக்க அறிவிக்க, மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886-இல்தான் அவரால் உட்கார முடிந்தது. இரண்டு ஆண்டில் பிரமாணச் சட்டத்தையே மாற்றவைத்தார். அவர் 1891-இல் இறந்தபோது, இலண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதி ஊர்வலத்துக்குப் போனார்.

பிராட்லாவின் கழகத்தோடு தொடர்புகொண்டு சென்னையில் ஒரு குழு இயங்கியது என்பது பலருக்குத் தெரியாது. சென்னை இலௌகிக சங்கம் என்று பெயர். 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். அதில் எழுதியவர்களில் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் ஒருவர். மிராசுதாரர்களின் பிடிக்கு எதிராகப் பாயக்காரிகள் எனப்பட்ட குத்தகை உழவர்கள் பக்கம் நின்று 1872-இலேயே நூல் எழுதியவர் அவர். பெரியாருக்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழ் மண்ணில் நாத்திகமும் உழவன் உரிமையும் ஒரே கையில் இருந்தன. இறக்குமதிச் சரக்கு என்று நாத்திகத்தைச் சொல்பவர்கள் அந்த இதழ்த் தொகுதிகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

நம் அரசமைப்புச் சட்டம் இந்தப் போராட்டத்தின் கனியை முதல் நாளிலேயே தந்துவிட்டது. அதன் மூன்றாம் அட்டவணையில் அமைச்சருக்கும் உறுப்பினருக்கும் இரண்டு வழி: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 1969-இன் பிரமாணச் சட்டம் சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கும் அதே தேர்வைத் தருகிறது. 2021-இல் மு.க. ஸ்டாலின் உளமார உறுதி கூறி முதலமைச்சராகப் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பிராட்லா மணிக்கூண்டில் கழித்த இரவுக்குக் கிடைத்த பலன் அது.

பேச்சுரிமை இதைவிடச் சிக்கலானது. 1953 மே 27, புத்தர் பிறந்த நாள். திருச்சி நகரமன்றத் திடலில் பெரியார் களிமண் பிள்ளையார் பொம்மையைப் போட்டு உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் வழக்குத் தொடுத்தார். தம் சொந்தப் பொம்மையை, பூசையில் இல்லாத ஒன்றை உடைத்தது குற்றமாகாது என்று கீழமை நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. 1958-இல் உச்ச நீதிமன்றம், மக்கள் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும், சிறியதாயினும் மதிப்பற்றதாயினும் சரி என்று விளக்கம் சொன்னது; காலம் கடந்துவிட்டதால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அந்தப் பொம்மை உடைப்பை நான் போற்றவில்லை. களிமண்ணாயினும் என் தாய் கும்பிடும் உருவம் அது. அவள் மனம் நோவதை ஒரு பொருட்டாக நான் கொள்கிறேன். ஆனால் மனம் நோவதும் சட்டம் தண்டிப்பதும் வேறு வேறு. நோவை அளவுகோலாக்கினால், சைவரின் பாடலை வைணவர் வழக்காக்கலாம், வைணவரின் தோத்திரத்தைச் சைவர் வழக்காக்கலாம். சமணரைச் சாடிய பதிகங்களை என்ன செய்வது? மாற்றுச் சமயத்தை மறுத்துப் பாடிய மரபு நம் பக்தி இலக்கியத்தின் நடுவே இருக்கிறது. பெரியார் அந்த மரபின் கடைசி வரியில் நின்று எல்லாவற்றையும் மறுத்தார். கடவுள் இல்லை என்ற வாசகம் அவர் சிலைகளின் பீடத்தில் இருக்கக் கூடாது என்று தொடுத்த வழக்கை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்புவோர் தம் நம்பிக்கையைப் பொது இடத்தில் எழுதிவைக்கலாம் என்றால், நம்பாதோரும் எழுதிவைக்கலாம். இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

குழப்பமில்லாத இந்த உரிமைக்கு மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 20-இல் புணேயில் பகுத்தறிவாளர் நரேந்திர தாபோல்கர் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2015-இல் கோவிந்த் பன்சாரே, பிறகு எம்.எம். கல்புர்கி. நம் கோயம்புத்தூரில் 2017 மார்ச்சில் பாரூக் என்ற 31 வயது இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முசுலிம் குடும்பத்தில் பிறந்து, பெரியார் வழியில் திராவிடர் விடுதலைக் கழகத்தில் செயல்பட்டவர். மதத்தை மறுத்து முகநூலிலும் எழுதியவர். இந்து மதத்தை மட்டுமே விமர்சிக்கிறீர்களே என்று பெரியாரியரைக் கேட்பவர்கள் உண்டு. பாரூக்கின் பெயரை அவர்கள் கேட்டிருக்க வேண்டும். எந்த மதத்தில் பிறந்தவருக்கும் அந்த மதத்தை விட்டு விலகும் உரிமை உண்டு என்று எல்லா மதத்தாரும் ஒரே குரலில் சொல்லாதவரை அந்த இளைஞரின் சாவுக்கு நியாயம் கிடைக்காது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பெரியாரை மதிப்பிட முடியாது. தமக்காக நாத்திகர் கேட்ட உரிமைகளைவிட, நம்புவோருக்காக அவர் கேட்ட உரிமைகள் அதிகம். இளமையில் ஈரோட்டுத் தேவஸ்தானக் குழுவின் தலைவராக இருந்து கோயில் நிருவாகத்தைப் பார்த்தவர். வைக்கத்தில் தாம் வணங்கப் போகாத கோயிலின் தெருவுக்காகச் சிறைக்குப் போனார். தொண்ணூறு வயதில், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று கருவறை நுழைவுப் போராட்டம் அறிவித்தார். கலைஞர் அரசு 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றும், ஆகம விதியைக் காட்டி அதன் பயனைச் சுருக்கியது. பயிற்சி பெற்ற பல சாதியினரும் அர்ச்சகர்களாகப் பணியாணை பெற்றது 2021 ஆகஸ்டில். கடவுள் முன் நின்று மணியடிக்கும் உரிமையை ஒரு பக்தனுக்கு வாங்கித் தந்ததில் ஒரு நாத்திகருக்கு இவ்வளவு பங்கு உண்டு. சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரோடு பெரியாருக்கு இருந்த நட்பும் அப்படிப்பட்டது.

இன்னும் நிற்கும் தடைகளுக்கு வருகிறேன். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது சாதி, மதம் என்ற கட்டங்களை நிரப்பாமல் விடலாம் என்று 1973-இலேயே தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. எத்தனை தலைமையாசிரியர்களுக்கு அது தெரியும்? 2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மதமில்லை என்று சொல்வதும் மனச்சான்றுச் சுதந்திரத்தின் பகுதியே, எந்த அதிகாரியும் மதத்தைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது என்று தெளிவாகச் சொன்னது. 2019-இல் திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழைப் பெற்றார். அதற்காகப் பல ஆண்டுகள் அலைந்தார்.

ஆனால் இந்தச் சான்றிதழை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கியம், பௌத்தம் அல்லாத மதத்தைச் சார்ந்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருதாது. காலனியில் பிறந்த ஓர் இளைஞர் மதமற்றவன் என்று எழுதினால் தம் இட ஒதுக்கீட்டுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. சாதியால் இழந்ததைத் திரும்பப் பெறச் சாதிச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு மதம் வேண்டும். 1925-இல் காஞ்சியில் வகுப்புரிமை கேட்டு வெளியேறியவரின் வழியில் நடப்பவர்கள், மதத்தை விடும் உரிமையும் ஒதுக்கீட்டைப் பெறும் உரிமையும் ஒன்றையொன்று வெட்டாத சட்டத்தைக் கேட்க வேண்டும். வசதி படைத்தோர் மட்டும் நாத்திகராக வாழ முடிகிற நாடு பெரியார் கேட்ட நாடல்ல.

கடைசியாகத் திருமணத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அண்ணா கொண்டுவந்த 7-அ பிரிவு இந்துக்கள் இருவருக்கிடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டும் பொருந்தும். இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகரும் முசுலிம் குடும்பத்தில் பிறந்த நாத்திகரும் மணந்துகொள்ள விரும்பினால், 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே அவர்கள் பெயரையும் முகவரியையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி 30 நாள் காத்திருக்க வைக்கிறார்கள். ஒரே மதத்தில் சடங்கோடு மணப்பவருக்கு இப்படி ஒரு காத்திருப்பு இல்லை. அந்த 30 நாளில் பெண்ணை வீட்டில் பூட்டுகிறார்கள், பையனை மிரட்டுகிறார்கள், கும்பல் திரட்டுகிறார்கள். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சலுகையைச் சட்டமே நாடு முழுவதற்கும் தர வேண்டும்.

கூரத்து மக்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களாக இருக்கலாம், போகாதவர்களாகவும் இருக்கலாம். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் இந்த ஊருக்கு வரும்போது, அந்த 30 நாள் அறிவிப்பு விதியை நீக்க என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.